தோழிக்காக ஊசி பிடிக்கும்போது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பாதியில் நின்றுபோன ஒரு போர்வையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணி தைத்து, அடியில் இன்னொரு துணி விரித்து, நடுவே பஞ்சுப் படலம் வைத்து, மூன்றும் நகராதபடி முழுக்கத் தையல் ஓட்டும் அமெரிக்கக் குவில்ட் அது. தொடங்கிய தோழியால் இனி ஊசி பிடிக்க முடியாது. மூட்டுவாதத்தில் விரல்கள் மடங்கிவிட்டன, அல்லது பார்வை மங்கிவிட்டது. "கொடு, நான் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லிவிடுகிறோம். அன்பினால் வரும் சொல்தான். அந்த நொடியிலிருந்து நம் ரசனைக்கு அங்கே இடமில்லை என்பதையும் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

2022இல் அமெரிக்காவில் ஜென் சிமோனிக், மேஸி கேப்லன் என்ற இரு தோழிகள் 'லூஸ் எண்ட்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இன்னொரு தோழியின் தாய் குரோஷா போர்வைகளைப் பாதி பின்னிய நிலையில் இறந்துபோனார். அவற்றை முடித்துத் தர ஆள் தேடியதிலிருந்து பிறந்த எண்ணம் அது. இறந்தவர்கள் விட்டுச்சென்ற கைவேலைகளும், நோயாலோ உடல் இயலாமையாலோ நின்றுபோனவையும் அங்கே வருகின்றன. தன்னார்வலர்கள் கூலி வாங்காமல் முடித்துத் தருகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் வேலையை ஏற்கப் பெரிய மனம் வேண்டும். அவர்களை நான் வணங்குகிறேன்.

நமக்கோ தோழி எதிரிலேயே இருக்கிறார். அவரிடம் கேட்கலாம். கேட்காமல் துணிப்பையை எடுத்துப் போய், முடித்துக் கொண்டுவந்து அவரைத் திகைக்கவைப்பதை என்னால் ஏற்க முடியாது. எந்தக் கட்டம் எங்கே வர வேண்டும், ஓரப்பட்டைக்கு எந்தத் துணியை ஒதுக்கி வைத்தார், போர்வை யாருக்கு என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். "தைத்தவரை போதும், தொட்டில் அளவில் முடித்துவிடு" என்று அவர் சொன்னால் அப்படியே முடிக்க வேண்டும்.

வேலையில் இறங்கினால் முதல் சிக்கல் கால் அங்குலம். துண்டுகளை இணைக்கும்போது விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தைப்பது வழக்கம். ஆனால் ஒவ்வொருவரின் கால் அங்குலமும் ஒவ்வொரு விதம். என் தையல் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாக உள்ளே விழுந்தால், இரு துணியிலுமாகச் சேர்ந்து ஓர் இணைப்பில் எட்டில் ஒரு பங்கு குறையும். 16 துண்டுகள் கொண்ட வரிசையில் 15 இணைப்புகள். ஏறக்குறைய 2 அங்குலம் போய்விடும். அவர் வரிசையோடு என் வரிசை சேராது. ஆகவே அவர் முடித்த கட்டம் ஒன்றை அளந்து, நம் இயந்திரத்தில் மாதிரி தைத்துப் பார்த்து, நாம்தான் அவர் அளவுக்கு மாற வேண்டும்.

கைத்தையலும் அப்படியே. தேர்ந்த கை ஓர் அங்குலத்துக்கு 10 தையல் போடும். தோழி 6 போட்டிருந்தால் நீங்களும் 6 போடுங்கள். கடைசியாக அவர் தைத்த பகுதியில் தையல் நீண்டும் கோணியும் இருக்கலாம். வலியோடு தைத்தது அது. அதைப் பிரித்துச் சீராக்க உங்களுக்கு உரிமையில்லை. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே கிடையாது. நூல் அறுந்து தொங்கினால் மட்டும் பக்கத்தில் ஒரு தையல் ஓட்டிப் பிடித்து வையுங்கள்.

மேல்துணியில் அவர் நீலப் பேனாவால் கோடு வரைந்திருந்தால் சுருக்கம் நீக்க இஸ்திரி போட்டுவிடாதீர்கள். அது தண்ணீரில் மறையும் மையாக இருந்தால், சூடு பட்டவுடன் நிலைத்துவிடக்கூடும். தைத்து முடித்துக் குளிர்ந்த நீரில் அலசிய பிறகுதான் சூடு. புதுத் துணி வாங்கிச் சேர்ப்பதானால், ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

இரண்டு பேர் தைத்தால் அது யாருடைய போர்வை என்று சிலர் கேட்கிறார்கள். 1840களில் அமெரிக்காவில் நட்புக் குவில்ட்கள் பரவலாக இருந்தன. கட்டத்துக்கு ஒருவராகத் தைத்து, தம் பெயரை மையால் எழுதி, தொலைவுக்குக் குடிபெயரும் தோழியிடம் கொடுத்து அனுப்புவார்கள். மரச்சட்டத்தில் கட்டிய ஒரே போர்வையைச் சுற்றிலும் பெண்கள் அமர்ந்து தைப்பதும் அங்கே நெடுநாள் வழக்கம். பல கை பட்டதனால் அந்தப் போர்வைகளின் மதிப்பு குறைந்துவிடவில்லை. அந்தப் பெயர் எழுதும் பழக்கத்தை நாமும் கைக்கொள்ள வேண்டும்.

பின்புறத்தில் தைக்க ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டு எடுங்கள். தொடங்கியவர் பெயர் முதலில், முடித்தவர் பெயர் அடுத்து, பிறகு ஆண்டு. இயன்றால் தோழியே எழுதட்டும். துணிக்கு அடியில் மெல்லிய உப்புத்தாள் வைத்தால் துணி வழுக்காது. நடுங்கும் கையாலும் எழுதிவிடலாம். துவைத்தாலும் அழியாத பேனாவாகப் பார்த்துக் கொடுங்கள். எழுத்து கோணினால் கோணட்டும். வேறு துண்டு தேடாமல் அதையே வைத்துத் தைத்துவிடுங்கள்.