கேமரா இல்லாத ரூம்ல என்ன நடக்குது? பார்லிமென்ட் கமிட்டிகளோட கதை

[திரையில்: பழைய நாடாளுமன்றக் கட்டடம், பின்னால கூச்சல் சத்தம்]

2018 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை. பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழு, அதாங்க ஸ்டாண்டிங் கமிட்டி, பார்லிமென்ட்ல ஒரு ரிப்போர்ட் வைக்குது. ராணுவத் துணைத் தளபதி அந்தக் கமிட்டி முன்னாடி வந்து சொன்னது அப்படியே அதுல இருக்கு. நம்ம ராணுவத்துகிட்ட இருக்கிற தளவாடத்துல 68 சதவீதம் அரதப் பழசு, 24 சதவீதம் இந்தக் காலத்து ரகம், லேட்டஸ்ட்னு சொல்லிக்கிறதுக்கு வெறும் 8 சதவீதம். அதோட விடல மனுஷன், நவீனமயமாக்க 21,338 கோடி ஒதுக்கியிருக்கீங்க, ஆனா ஏற்கனவே ஒத்துக்கிட்ட திட்டங்களுக்குக் கட்டவேண்டிய பாக்கியே 29,033 கோடி, அப்புறம் புதுசா எதை வாங்கறதுங்கிற மாதிரி கணக்கை எடுத்து வச்சிட்டுப் போயிட்டாரு.

மறுநாள் மார்ச் 14. லோக்சபாவுல ஒரே அமளி. ஒரு பக்கம் ஆந்திராவுக்கு சிறப்பு அந்தஸ்து, இன்னொரு பக்கம் பேங்க் மோசடி, நம்ம ஊர் எம்.பி.க்கள் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு பதாகையோட நிக்கிறாங்க. அந்தச் சத்தத்துக்கு நடுவுலயே, மொத்தம் 24 லட்சம் கோடிக்கு மேல போற பட்ஜெட், எந்த அமைச்சகத்தோட மானியக் கோரிக்கை, அதாவது செலவுக்குக் காசு கேட்கிற கோரிக்கை, மேலயும் ஒரு வார்த்தை விவாதம் இல்லாம, சுமார் அரை மணி நேரத்துல பாஸ். இதுக்குப் பேரு கில்லட்டின். டைம் முடிஞ்சிடுச்சு, மிச்சம் இருக்கிறதை ஒரே வெட்டா வெட்டி ஓட்டுக்கு விட்டுடுவாங்க. வழக்கமா நாலஞ்சு அமைச்சகத்தைப் பத்தியாவது பேசிட்டு மத்ததை வெட்டுவாங்க, அந்த வருஷம் அதுவும் இல்ல.

அப்போ அந்த பட்ஜெட்டை யாருமே படிச்சுப் பார்க்கலையான்னா, பார்த்தாங்க. டிவில வராத இடத்துல பார்த்தாங்க. அந்த இடத்தைப் பத்தித்தான் இந்த வீடியோ.

[திரையில்: நீளமான மேஜை, சுத்தி நாற்காலிகள், கோப்புக் கட்டு]

பிப்ரவரி 1 பட்ஜெட் போட்ட கொஞ்ச நாள்ல சபைக்கு லீவு விடுவாங்க இல்லையா, அது எம்.பி.க்கள் ஊருக்குப் போய் பொங்கல் பானை பார்க்கிறதுக்கு இல்லீங்க. அந்த இடைவெளியிலதான் துறைவாரி நிலைக்குழுக்கள் உக்காந்து ஒவ்வொரு அமைச்சகமும் கேட்கிற காசை வரி வரியா பார்க்கணும். 1993ல 17 குழுவா ஆரம்பிச்சது, 2004ல இருந்து 24. ஒவ்வொண்ணுலயும் 31 பேர், 21 பேர் லோக்சபா, 10 பேர் ராஜ்யசபா, எல்லாக் கட்சியும் கலந்து இருப்பாங்க, ஆனா மந்திரிகளுக்கு இடம் கிடையாது. சாட்சி சொல்லவும் மந்திரியைக் கூப்பிடறதில்ல, அந்தத் துறை செயலாளர் வரணும். முன்கூட்டியே கேள்விப் பட்டியல் போயிடும், எழுத்துல பதில் வாங்கிடுவாங்க, அப்புறம் நேர்ல உக்கார வச்சு, போன வருஷம் இவ்ளோ கேட்டீங்களே, டிசம்பர் வரைக்கும் பாதிகூட செலவு பண்ணலையே, இந்த வருஷம் இன்னும் கூட எதுக்குன்னு குடைவாங்க. செயலாளருக்குப் பதில் தெரியலைன்னா பின்னாடி வரிசையில இருந்து துண்டுச்சீட்டு வரும். அதுலயும் இல்லைன்னா "எழுத்துபூர்வமா அனுப்புறோம் சார்"னு சொல்லித் தப்பிக்கலாம், ஆனா நிஜமாவே அனுப்பியாகணும்.

கூட்டம் பூட்டின கதவுக்குள்ளதான். கேமரா இல்ல, பத்திரிகைக்காரங்க இல்ல, ரிப்போர்ட் சபையில வைக்கிற வரைக்கும் உள்ள பேசினதை வெளிய சொல்லக்கூடாது. ஜனநாயகத்துல என்ன ரகசியம்னு எனக்கும் முதல்ல எரிச்சலாதான் இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, கேமரா இல்லைன்னா யாருக்காக மேஜையைத் தட்டணும்? கட்சிக் கொறடா உத்தரவும் கமிட்டிக்குள்ள செல்லாது. அதனாலதான் ஆளுங்கட்சி எம்.பி.யே ஆளுங்கட்சி அமைச்சகத்தைக் கேள்வி கேட்கிற அதிசயமெல்லாம் அங்க நடக்குது. இந்த 68 சதவீதமும் அந்த மாதிரி ரூம்ல இருந்துதான் வெளிய வந்துச்சு.

நம்ம ஜனங்களுக்கு நேரடியா தெரிஞ்ச உதாரணம்னா நூறு நாள் வேலை. 2023 பட்ஜெட்ல அதுக்கு 60,000 கோடிதான் போட்டாங்க, அதுக்கு முந்தின வருஷத்தோட திருத்தின மதிப்பீடு, அதாவது வருஷ நடுவுல திருத்திப் போட்ட கணக்கு, 89,400 கோடி. கனிமொழி தலைமையில இருந்த ஊரக வளர்ச்சி நிலைக்குழு இதைப் பிடிச்சுக்கிட்டு, ஏன் 29,400 கோடி குறையுதுன்னு ரிப்போர்ட்லயே எழுதிக் கேட்டுச்சு. டிமாண்ட் வந்தா கூடுதலா தர்றோம்னுதான் இதுக்கு அமைச்சகம் அப்போ வழக்கமா சொன்ன பதில்.

சரி, இதெல்லாம் காசு செலவாகுறதுக்கு முன்னாடி. செலவான பிறகு கணக்கு கேட்கிறது பொதுக் கணக்குக் குழு, பிஏசி. இதுதான் எல்லாத்துக்கும் மூத்தது, வெள்ளைக்காரன் காலத்துல 1921லயே வந்துடுச்சு. 22 பேர், லோக்சபா 15, ராஜ்யசபா 7. அரசுக் கணக்கைத் தணிக்கை பண்ற சிஏஜியோட அறிக்கைதான் இவங்களுக்கு மூலதனம், அதுல முக்கியமானதை எடுத்து வச்சுக்கிட்டு அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. போஸ்ட்மார்ட்டம்னு கிண்டல் பண்ணுவாங்க, உண்மைதான், செத்த பிறகுதான் வருவாங்க, ஆனா போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் ஒண்ணு வரும்னு தெரிஞ்சா கொஞ்சம் பேராவது பயப்படுவாங்களே.

1967ல இருந்து பிஏசி தலைவர் பதவி எதிர்க்கட்சிக்குங்கிறது வழக்கம், முதல்ல மினூ மசானி, அடுத்து வாஜ்பாய், அவருக்கு அப்புறம் 1971ல யாரு தெரியுமா, நம்ம இரா. செழியன். திமுக எம்.பி. ஒருத்தர் டெல்லில இந்திரா காந்தி அரசோட கணக்கு வழக்கைச் சரிபார்க்கிற நாற்காலியில உக்காந்திருந்தாரு.

ஆனா அந்த ரூமும் எப்பவும் சாந்தமா இருக்கும்னு நினைச்சுடாதீங்க. 2011 ஏப்ரல், 2ஜி விவகாரம். பிஏசி தலைவர் பாஜகவோட முரளி மனோகர் ஜோஷி, அவரோட வரைவு ரிப்போர்ட் கூட்டத்துக்கு முன்னாடியே பத்திரிகைக்குக் கசிஞ்சிடுச்சு. 28ஆம் தேதி கூட்டத்துல ஒரே ரகளை, ஜோஷி கூட்டத்தை ஒத்திவச்சிட்டு எழுந்து போயிட்டாரு. மிச்சம் இருந்த 11 பேர் உடனே அப்போ ஆளுங்கட்சியா இருந்த காங்கிரஸோட எம்.பி. சைஃபுதீன் சோஸை தலைவரா உக்கார வச்சு ஓட்டுப் போட்டு ரிப்போர்ட்டை நிராகரிச்சுட்டாங்க. ஜோஷி அதையே சபாநாயகர் மீரா குமார்கிட்ட கொண்டுபோய்க் கொடுக்க, அவங்க திருப்பி அனுப்பிட்டாங்க. கதவு மூடியிருந்தாலும், விஷயம் ஆட்சியையே ஆட்டுற அளவுக்குப் பெருசானா கட்சி உள்ள வந்துடும்.

[திரையில்: "பரிசீலனையில் உள்ளது"ன்னு ரப்பர் ஸ்டாம்ப்]

ஒரு சின்ன கமிட்டி, யாரும் கண்டுக்காதது, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அரசு உறுதிமொழிக் குழு. சபையில மந்திரி எழுந்து "இது பரிசீலனையில் இருக்கு", "விசாரிச்சு சொல்றேன்"னு சொல்வாரு இல்லையா, அப்படிப்பட்ட வாக்கியங்களுக்கு ஒரு லிஸ்ட்டே வச்சிருக்காங்க, அதுல ஒண்ணு மந்திரி வாயில இருந்து வந்தா அது உறுதிமொழின்னு நோட்டுல ஏறிடும், மூணு மாசத்துல நிறைவேத்தணும், இல்லைன்னா டைம் நீட்டிக்கச் சொல்லிக் கேட்கணும். 1953ல இருந்து இந்த வேலை நடக்குது. நம்ம சட்டசபையிலயும் இதே பேர்ல குழு இருக்கு, மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வந்தாங்கன்னு உள்ளூர் செய்தில பார்த்திருப்பீங்க.

இப்போ சட்டத்துக்கு வருவோம். 2019 ஆகஸ்ட்ல வாடகைத்தாய் மசோதா லோக்சபாவுல பாஸ் ஆச்சு. அதுல ஒரு கண்டிஷன், நெருங்கிய சொந்தக்காரப் பொண்ணு மட்டும்தான் வாடகைத்தாயா இருக்கலாம். நம்ம குடும்பங்கள்ல இது எப்படி முடியும்னு சொல்லணுமா என்ன, நாத்தனாரோ ஓர்ப்படியோ ஒருத்தி மேல ஒட்டுமொத்த வீடும் சேர்ந்து அழுத்தம் போடும். ராஜ்யசபா இதை ஒரு தேர்வுக் குழுவுக்கு, அதாவது இந்த ஒரு மசோதாவுக்குன்னே அமைச்ச குழுவுக்கு, அனுப்பிச்சு. அவங்க பல தரப்பையும் கேட்டுட்டு, சொந்தக்காரங்கதான்னு வேண்டாம், மனசார சம்மதிக்கிற பெண்ணுன்னு வைங்க, வாடகைத்தாய்க்கு இன்சூரன்ஸ் 16 மாசம் பத்தாது 36 மாசமாக்குங்க, விதவைகளும் விவாகரத்து ஆனவங்களும் இந்த வழியில குழந்தை பெத்துக்கலாம்னு சேருங்கன்னு எழுதிக் கொடுத்தாங்க. 2021ல வந்த சட்டத்துல இந்த மாற்றமெல்லாம் இருக்கு.

எதிர்ப்பக்கம் 2020 செப்டம்பர், மூணு வேளாண் சட்டம். எந்தக் கமிட்டிக்கும் போகல. விவசாயிகள் கமிட்டி ரூம்ல வந்து சொல்லியிருக்க வேண்டியதை டெல்லி எல்லையில ஒரு வருஷம் உக்காந்து சொன்னாங்க, 2021 நவம்பர் 29ல சட்டத்தை ரத்து பண்ற மசோதாவும் விவாதமே இல்லாம சில நிமிஷத்துல முடிஞ்சுது.

கமிட்டிக்கு மசோதா அனுப்பறதே குறைஞ்சு போச்சு. பிஆர்எஸ்ங்கிற ஆய்வு அமைப்போட கணக்குப்படி 2009-14 லோக்சபாவுல 71 சதவீத மசோதா போச்சு, 2019-24ல 16 சதவீதம். அனுப்பினாலும் கேட்டே ஆகணும்னு கட்டாயமும் இல்ல. தனிநபர் தகவல் பாதுகாப்பு மசோதாவை ரெண்டு சபை எம்.பி.க்களும் இருந்த கூட்டுக் குழு ரெண்டு வருஷம் படிச்சு 81 திருத்தம் சொல்லுச்சு, 2022 ஆகஸ்ட்ல அரசு அந்த மசோதாவையே வாபஸ் வாங்கிட்டு, மறு வருஷம் புதுசா ஒண்ணு எழுதி, எந்தக் குழுவுக்கும் அனுப்பாம பாஸ் பண்ணிடுச்சு.

இன்னொரு சிக்கல், நிலைக்குழுவுக்கு ஆயுசு ஒரே வருஷம். டேங்க்குக்கும் பீரங்கிக்கும் வித்தியாசம் புரிஞ்சுக்கிட்டு ஒரு எம்.பி. நல்ல கேள்வி கேட்க ஆரம்பிக்கிற நேரத்துல அவரைத் தூக்கி வேற குழுவுல போட்டுடலாம். அந்த 68 சதவீத ரிப்போர்ட் கொடுத்த குழுவோட தலைவர் பி.சி. கண்டூரி, ரிட்டயர்டு மேஜர் ஜெனரல், ஆளுங்கட்சி எம்.பி.யும்கூட. ரிப்போர்ட் வந்தது மார்ச்சுல. செப்டம்பர்ல குழுவைத் திருப்பி அமைச்சப்போ அந்த நாற்காலியில கல்ராஜ் மிஸ்ரா உக்காந்திருந்தாரு.