மங்கில் சேரும் தூக்கம்

வணக்கம் வானொலி நேயர்களே. பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்குத் தூக்கத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

போன மாதம் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஓர் அம்மா வீடு தேடி வந்தார். மகனுக்குத் தொழிற்சாலை வேலை. இரவு ஷிப்ட் முடிந்து பஸ் இறங்கினால் ரொட்டி சானாய், அப்புறம் போன். காலை பத்துக்குப் படுத்து மதியம் இரண்டுக்கு விழித்துவிடுவானாம். லீவு நாளில் தலைகீழ். "சாயங்காலம் கோயில் மணி அடிச்சும் எழுந்திரிக்கல ஐயா. ரத்த சோகையா?"

சோதித்துப் பார்ப்பதில் தப்பில்லை என்றேன். ஆனால் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே பெரட்டு, அதாவது வேலைக்கு முன் ஆள் எண்ணும் கூட்டம். மழை நாள் தவிர, எழும் நேரம் மாறாது. 1982 புத்தாண்டில் மலேசியத் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள், பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பெரட்டு ஐந்தரைக்கு என்றால் உடம்புக்கு அது ஐந்து. ஒரு நாள் விடியலில் பார்க்கிறேன், அப்பா வாசல்படியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். ஒரு காலில் பூட்ஸ், மறு கால் வெறுங்கால், நெற்றியில் விளக்கு எரிகிறது. அம்மா எழுப்பினால், "மணியை மாத்திட்டாங்க, என்னை யாரு மாத்துறது?" என்றார்.

அரை மணிக்கே அந்தப் பாடு. நம் பிள்ளைகள் வாரத்துக்கு வாரம் பகலை இரவாக்குகிறார்கள்!

மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. உடம்பின் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அதற்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். இன்னொன்று, விழித்திருக்கும் நேரமெல்லாம், பால்மரத்தில் கட்டும் கிண்ணமான மங்கில் பால் சொட்டுகிற மாதிரி தூக்கம் சேருகிறது. சாயங்காலம் வரை தூங்கினால் மங்கு காலி. அன்றைக்கு இரவு எதை ஊற்றித் தூங்குவது? புரண்டு படுப்பான், மறுநாள் அரைத் தூக்கம், அடுத்த லீவில் மறுபடி கும்பகர்ணன். அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன்: மங்கு காலியாக விடாதீர்கள்.

லீவு நாளில் ஒன்றிரண்டு மணி கூடத் தூங்கட்டும். அப்புறம் எழுப்பி, வெயிலில் நடக்க விடுங்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். இரவு ஷிப்ட்காரர்கள் வந்ததும் போனை வைத்துவிட்டு, ஜன்னலுக்குக் கனத்த துணி போட்டுப் படுக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களும் அந்த நேரத்தில் டிவி சத்தத்தைக் குறைக்கணும்.

கோப்பியைப் பற்றியும் குறட்டையைப் பற்றியும் எழுதி வந்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சி நடத்தும் தங்கச்சி நேரமாச்சு என்று கையைக் காட்டுகிறார். சரி, கோப்பி போகட்டும். குறட்டை விடுகிறவருக்கு நடுவில் மூச்சு நின்று திணறினால் கிளினிக்கில் சொல்லுங்கள், அது வேறு விஷயம். ஷிப்ட் முடிந்து கண் சொக்கினால் மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள் தம்பி, பஸ்ஸிலேயே வாருங்கள். வணக்கம்.