இறக்கி வைத்த அன்ரனா

நடுவர் ஐயா அவர்களுக்கும், டீச்சர் தலைமையில் வந்திருக்கும் எதிரணியினருக்கும், நுளம்புக்கடியோடும் எழும்பிப் போகாமல் பாயில் இருக்கும் களுவாஞ்சிகுடிச் சனங்களுக்கும் வணக்கம்.

பிந்தி வந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொரு தரம் சொல்கிறேன். “பெரிய ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை கட்டணச் சானல்களிடம் போனது ரசிகனுக்கு வரவா, இழப்பா?” வரவு என்று டீச்சர் பேசி முடித்துவிட்டார். இழப்பு என்று சொல்ல நான் நிற்கிறேன். அதற்கு முதல் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வீடு வீடாக டிஷ் பூட்டுவதுதான் என் தொழில். இந்த ஊர்க் கூரைகளில் பாதி எனக்குத் தெரியும், எந்த வீட்டில் எந்த ஓடு உடைந்திருக்கிறது என்பது வரைக்கும். இன்றைக்கு நான் வென்றால் நாளைக்கு எனக்கு வேலை குறையும். என் மனைவி அந்த மூலையில் முறைத்துக்கொண்டு இருப்பதற்குக் காரணம் அதுதான்.

1996 மார்ச் 17, கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதிப்போட்டி. எனக்கு 11 வயது. எங்கள் ஒழுங்கையில் அப்போது கரண்ட் இல்லை. பெரியப்பாவின் உழவு மெசினில் கழற்றிய பற்றரியில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டியைக் கொழுவியிருந்தோம். வளவு கொள்ளாத சனம். எல்லாரும் இலங்கைக்குக் கைதட்ட வந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். பாதிப்பேர் நாலு நாளைக்கு முதல் கல்கத்தாவில் இந்தியா தோற்ற துக்கத்தோடு வந்தவர்கள். என் வேலை அன்ரனாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது. கடல் காற்று வீசினால் படத்தில் மழை பெய்யும். “இன்னும் கொஞ்சம் மலைப்பக்கம் திருப்பு மகன், ஆ, போதும், போதும், விடாதே!” அந்த இறுதிப்போட்டியில் பாதியை நான் காதால்தான் பார்த்தேன்.

லாகூரில் இலங்கை 242 எடுக்க வேண்டும். 23 ஓட்டத்தில் 2 விக்கெட் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் பற்றரி இறங்கத் தொடங்கியது. படம் நாலு பக்கமும் சுருங்கி, அரவிந்த டி சில்வா முத்திரை அளவுக்கு வந்துவிட்டார். கல்முனையிலிருந்து யாவாரத்துக்கு வந்து, இருட்டிப்போனதால் எங்கள் வீட்டில் தங்கிவிட்ட முஸ்லிம் நானா ஒருவர் பேசாமல் எழும்பிப் போனார். தன் வானின் பற்றரியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். மறுகா அரவிந்த பழைய உயரத்துக்கு வந்து, ஆட்டமிழக்காமல் 107 அடித்துவிட்டுத்தான் போனார். அந்தக் காலத்தில் கல்முனைக்கும் எங்களுக்கும் நடுவில் என்னவெல்லாம் இருந்தது என்பது இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும்.

டீச்சர் கேட்டார்: “அந்த மழை பெய்யும் படத்துக்கா திரும்பப் போகச் சொல்கிறீர்கள்?” நல்ல கேள்வி. இல்லை டீச்சர். அந்தக் கால இலவசச் சானல்களின் குறை எனக்கும் தெரியும். கடைசி ஓவரில் செய்தி நேரம் வந்துவிட்டதென்று ஆட்டத்தை வெட்டிவிட்டுப் போவார்கள். தமிழில் வர்ணனை கேட்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். 2017இல் இந்தியாவில் கட்டணச் சானல் ஒன்று தமிழுக்கென்றே விளையாட்டுச் சானல் தொடங்கியதே, அதைப் பார்த்து நானும்தான் சந்தோசப்பட்டேன். அந்தப் புள்ளியை டீச்சருக்கே கொடுத்துவிடுங்கள், நடுவர் ஐயா.

அடுத்தது காசு. ஐபிஎல் உரிமையை 2023 தொடக்கம் 2027 வரை 48,390 கோடி இந்திய ரூபாவுக்கு விற்றார்கள், காசு வந்ததால்தானே எங்கள் பதிரனவும் தீக்ஷனவும் சென்னைக்கு விளையாடினார்கள் என்றார். உண்மை. இதை நம்மூர்க் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். போடியார், அதுதான் பெரிய வயல்காரர், வயலைக் குத்தகைக்குக் கொடுக்கிறார். குத்தகைக்காரர் அதில் கொஞ்சத்தை வேறொருவருக்கு விடுகிறார். ஒளிபரப்பு உரிமையும் இப்படித்தான் கைமாறுகிறது. கிரிக்கெட் சபை விற்கும், பெரிய கம்பனி வாங்கும், அது நாட்டுக்கு நாடு துண்டு போட்டு விற்கும். சிறிய நாட்டுக்காரன் கடைசி வாய்க்கால்க்காரன். தலைவாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் கடைசி வயலுக்கு வருவது என்ன என்று அம்பாறைப் பக்கத்துக் கமக்காரரைக் கேளுங்கள். போடியார் வயலை விற்கட்டும், நான் மறிக்கவில்லை. வாய்க்காலையும் சேர்த்து விற்கிறார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

டீச்சர் 1995 இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் எடுத்தார். ஒளிபரப்பு அரசாங்கத்துக்கு மட்டும் உரியதல்ல என்று அதில் இருக்கிறதாம். இருக்கிறது. ஆனால் டீச்சர் பாதியோடு புத்தகத்தை மூடிவிட்டார். அலைவரிசை பொதுச் சொத்து என்றும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. 2007இல் அங்கே ஒரு சட்டமும் போட்டார்கள். தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் உரிமையை யார் வாங்கினாலும், நேரடிக் காட்சியைத் தூர்தர்ஷனுக்கும் கொடுக்க வேண்டும். அப்படியென்றால் வாங்கியவன் தலையில் துண்டா? இல்லை. அந்தத் தூர்தர்ஷன் ஒளிபரப்பில் வரும் விளம்பர வருமானத்தில் 100க்கு 75க்குக் குறையாமல் அவருக்கே போகும். உரிமைக்காரரும் பிழைக்கிறார், அன்ரனா வீடும் ஆட்டம் பார்க்கிறது.

இங்கிலாந்தைப் பாருங்கள். எல்லாருக்கும் இலவசமாகத் தெரிய வேண்டிய ஆட்டங்கள் என்று அங்கே ஒரு பட்டியல் உண்டு. ஒலிம்பிக், உதைபந்தாட்ட உலகக் கிண்ணம், விம்பிள்டன் இறுதி எல்லாம் அதில் அடக்கம். 1998இல் அந்தப் பட்டியலின் மேல் வரிசையிலிருந்து சொந்த மண்ணில் ஆடும் டெஸ்ட் ஆட்டங்களை இறக்கினார்கள். 2005இல் அவுஸ்திரேலியாவோடு ஆடிய ஆஷஸ் டெஸ்ட் தொடரை இலவசச் சானலில் உச்ச நேரத்தில் 84 இலட்சம் பேர் பார்த்தார்கள். அதோடு ஆட்டம் கட்டணச் சானலுக்குப் போனது. 2009இல் இங்கிலாந்து மறுபடி ஆஷஸ் வென்றது. உச்ச நேரப் பார்வையாளர் 20 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. ஆட்டம் அதே ஆட்டம், வெற்றியும் அதே வெற்றி, மிச்சச் சனம் எங்கே போனது? 2019இல் உலகக் கிண்ண இறுதிக்கு இங்கிலாந்து வந்ததும் அதே கட்டணச் சானல் தானாகவே இலவசச் சானலோடு ஆட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. ஏன் பகிர்ந்தது என்று டீச்சர் தன் முறையில் சொல்லட்டும்.

“இப்போது எல்லாம் போனில் வருகிறதே” என்றார் எதிரணித் தம்பி. வருகிறது தம்பி. 2024இல் யாழ்ப்பாணத்துப் பொடியன் வியாஸ்காந்த் ஐதராபாத் அணிக்கு முதல் ஆட்டம் ஆடியதை நான் என் மருமகனின் போனில்தான் பார்த்தேன். 4 ஓவரில் 27 ஓட்டம் கொடுத்தார், விக்கெட் விழவில்லை, ஆனாலும் எங்களுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒரு சின்னப் போன், ஐந்து தலை. அவர் ஓடி வந்து பந்தை விட முதல் படத்தின் நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கும். பக்கத்து ஒழுங்கையில் டிஷ் வீட்டுக்காரர்கள் “ஆ!” என்று கத்தி முடித்து அரை நிமிடம் கழித்துத்தான் எங்கள் பந்து தரையில் குத்தும். நடந்து முடிந்த சாவுக்குப் பிறகு தந்தி வந்த மாதிரி. டேட்டா முடிந்ததும் மருமகன் போனை மடியில் செருகிக்கொண்டு எழும்பிவிட்டான். வளவில் கூடிய சனத்தை ஒரு பொடியனின் டேட்டாக் கணக்கில் கொண்டுவந்து விட்டோம்.

இனி என் தொழிலில் கண்டது ஒன்று. 2022, சாமான் விலை தலைக்கு மேல் ஏறிய வருசம். ஒரு பெரிய ஆட்டத்தன்று பின்னேரம் ஒரு பெரியவர் கூப்பிட்டார். “மகன், காத்துக்கு டிஷ் திரும்பிட்டுது போல, ஒருக்கா வந்து பார்.” போனேன். கூரையில் ஏறினேன். டிஷ் நான் பூட்டிய இடத்தில் அப்படியே அசையாமல் இருக்கிறது. வயர் சரி, பெட்டி சரி. இறங்கி ரிமோட்டை எடுத்துப் பார்த்தால், மூன்று மாதமாகக் காசு கட்டி ரீலோட் பண்ணவில்லை. அவருக்கும் அது தெரியும். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் ரி.வி.க்கு முன்னால் சப்பாணி கட்டி இருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் காசில்லை என்று சொல்ல மனுசனுக்கு வாய் வரவில்லை. நான் திரும்பக் கூரையில் ஏறி, திருப்பத் தேவையில்லாத டிஷ்ஷை ஐந்து நிமிடம் திருப்பிக்கொண்டு இருந்தேன். “பழுது பெரிசு ஐயா, நாளைக்குத்தான் சரிவரும்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பழைய அன்ரனாவைக் கொழுவிப் பார்ப்போமா என்று கேட்டேன். அது எப்போதோ கோழிக்கூட்டுக்குக் கம்பியாகிவிட்டது. ஏன் இறக்கினீர்கள் என்றதற்கு, “அதில என்ன மகன் போகுது, டப்பிங் நாடகம்தானே” என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆட்டம் போனதும் இலவசச் சானலை விட்டுச் சனம் போனது. சனம் போனதும் விளம்பரம் போனது. விளம்பரம் போன சானல் மலிவுக்கு வருகிற நாடகத்தை வாங்கிப் போடாமல் என்ன செய்யும்?

நாங்கள் கேட்பது பெரிய கேள்வி இல்லை. லீக் ஆட்டமெல்லாம் விற்கட்டும், தொடர் ஆட்டமும் விற்கட்டும். நாட்டு அணி ஆடும் உலகக் கிண்ண ஆட்டம், ஆசியக் கிண்ண இறுதி, ஒலிம்பிக், இவற்றை மட்டும் அன்ரனாவில் விடுங்கள். ஆம்பிளை அணி மட்டும் இல்லை. 2024இல் தம்புள்ளையில் சமரி அத்தபத்துவின் அணி இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணம் எடுத்ததே, அதுவும்தான். அதோடு தமிழிலும் வர்ணனை வேண்டும். அது டீச்சரிடம் இருந்து கடன் வாங்கிய புள்ளி.

மணி அடித்துவிட்டது, தெரிகிறது நடுவர் ஐயா. ஒரு நிமிசம். டீச்சர் வீட்டு டிஷ்ஷுக்கு இந்த மாதம் ரீலோட் பண்ணவில்லை என்று பின்னேரம் எனக்குப் போன் எடுத்ததே டீச்சரின் மகன்தான். நாளைக்குக் காலையில் வருகிறேன் டீச்சர், தேத்தண்ணி போட்டு வையுங்கள். வணக்கம்.