லைசென்ஸ் வேண்டாத ஸ்கூட்டர் யாருக்கு?

வணக்கம், நேயர்களே. நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் வழக்கில் சொன்னால் பிரேக் இன்ஸ்பெக்டர். வேலையை விட்டு வந்தாலும் தெரிந்தவர்கள் விடுவதில்லை. யார் வீட்டில் வண்டி வாங்கினாலும் எனக்கு ஒரு போன் வரும். இப்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், மின் ஸ்கூட்டர் ஒன்று பார்த்தோம். லைசென்ஸ் வேண்டாமாம், ஆர்.சி. வேண்டாமாம், இன்சூரன்ஸும் வேண்டாமாம். விலையும் சல்லிசு. வாங்கலாமா?"

கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் அப்படி ஒரு வகையை ஒதுக்கி வைத்திருக்கின்றன. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள். இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் சட்டத்தின் கண்ணுக்கு அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவு கிடையாது, ஓட்டுநர் உரிமம் கிடையாது. ஆனால் அந்த வரம்புக்குள் வண்டி இருக்கிறது என்று சோதனை மையம் ஒன்று சான்று தந்திருக்க வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது, நம் ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அந்தச் சான்றின் நகலைக் கேளுங்கள். "அதெல்லாம் கம்பெனியில இருக்கு சார்" என்று கடைக்காரர் இழுத்தால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வில்லங்கம் அடுத்த வாக்கியத்தில் வரும். "25 தான் போகுமேன்னு கவலைப்படாதீங்க, ஒரு ஒயரைக் கழட்டிவிட்டா 45 போகும்." கழற்றிய அந்த நிமிடமே உங்கள் வண்டி பதிவு செய்யாத, காப்பீடு இல்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. போலீஸ் பிடித்தால் அபராதத்தோடு போகும். யார் மீதாவது இடித்துவிட்டால்? விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகையை உங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். வீட்டை விற்றுக் கட்டும் நிலைமைகூட வரலாம். மிச்சம் பிடித்த சில ஆயிரங்களுக்கு அது கட்டுப்படியாகுமா?

சரி, ஒயரைத் தொடாமல் 25-லேயே ஓட்டினால்? மாம்பலத்துத் தெருக்களுக்குள் காய்கறி வாங்கப் போகும் தாத்தாவுக்கு அது போதும், தாராளமாக வாங்கித் தரலாம். ஹெல்மெட்டையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் தலை ஒன்றுதானே. அதே வண்டியில் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள். மோட்டார் திணறும், வேகம் இறங்கும், பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வரும். வேலைக்குத் தினமும் போய்வர நினைப்பவருக்கு அது ஆகவே ஆகாது.

அவர்கள் வாங்க வேண்டியது பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்துள்ள, முறையாகப் பதிவான வண்டி. அதற்கு கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் போதும். மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே 5 வருடத்துக்குப் போட்டுவிடுவார்கள். பேட்டரி வண்டிகளுக்குப் பதிவுக் கட்டணத்தையும் 2021 ஆகஸ்டில் மத்திய அரசு நீக்கிவிட்டது. ஆக, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் பயந்து சின்ன வண்டி வாங்க வேண்டியதில்லை.

அடுத்து எல்லாரும் கேட்பது, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர். விளம்பரத்தில் இருக்கும் எண் சோதனைக்கூடத்தில் எடுத்தது. நம் வெயிலிலும் சிக்னலிலும் அதில் முக்கால் பங்கு கிடைத்தால் நல்ல வண்டி. நான் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை, பேட்டரி எத்தனை கிலோவாட் மணி என்றுதான் பார்ப்பேன். கரண்ட் பில்லில் ஒரு யூனிட் என்பதும் ஒரு கிலோவாட் மணிதான். சாதாரண ஓட்டத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 30 வாட் மணி செலவாகும். 3 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 100 கிலோமீட்டர் பக்கம் வரும். தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போய்வர 35 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதற்கு 2 கிலோவாட் மணியே தாங்கும். "எதற்கும் இருக்கட்டும்" என்று பெரிய பேட்டரிக்குப் பணம் கொட்டுகிறவர்கள் அதிகம்.

கரண்ட் பில்லையும் பார்த்துவிடுவோம். அந்த 35 கிலோமீட்டருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, ஒன்றேகால் யூனிட் வரை ஆகும். இரண்டு மாத பில்லில் 60, 65 யூனிட் கூடும். பெட்ரோலோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஏ.சி. ஓடி 450 யூனிட்டைத் தொடுகிறது என்றால் கவனியுங்கள். நம் மாநிலத்தில் 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியில் கிடைத்த சலுகை விலையும் சேர்ந்து போய்விடுகிறது.

எல்லாவற்றையும்விட, எங்கே சார்ஜ் போடப் போகிறீர்கள் என்பதை வண்டி பார்க்கப் போவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அடுக்குமாடி என்றால் சங்கத்தில் கேட்டு, உங்கள் மீட்டரிலிருந்தே வண்டி நிற்கும் இடத்துக்கு ஒயர் இழுக்கச் சம்மதம் வாங்குங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கழற்றி எடுத்துப்போகும் பேட்டரி உள்ள வண்டிகளும் வருகின்றன. ஆனால் ஒரு பேட்டரியே 10 கிலோவைத் தாண்டலாம். லிஃப்ட் இல்லாத வீட்டில் தினமும் அதைச் சுமப்பது யார் என்று வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். வெளியே போக வீட்டுக்கு ஒரே வாசல்தான் என்றால், அந்த வாசலிலோ மாடிப்படிக்கு அடியிலோ சார்ஜ் போடவே கூடாது. அந்த வருடம் நாட்டில் பல இடங்களில் வண்டிகள் எரிந்த பிறகுதான் அரசு பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற தரத்தைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரில் ஒரு பகுதியும் 2023 மார்ச் கடைசியில் மீதியும் நடைமுறைக்கு வந்தன. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அது செய்யப்பட்ட மாதத்தை ஆர்.சி.யில் பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தையது என்றால், விலை எவ்வளவு இறங்கினாலும் நான் வாங்க மாட்டேன்.

பேட்டரியில் லெட் ஆசிட் என்றால் வேண்டாம். சீக்கிரமே உயிரை விட்டுவிடும். லித்தியத்திலும் எல்.எஃப்.பி. என்ற ரகம் கொஞ்சம் எடை கூடினாலும் சூட்டை நன்றாகத் தாங்கும், எனவே சென்னைக்கு ஏற்றது. பேட்டரிக்கு ஐ.பி. 67 என்ற தரக்குறியீடு போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கியும் தாங்கியது என்று பொருள். வேளச்சேரியில் ராத்திரி முழுக்க நிற்கும் வெள்ளத்துக்கு அந்த அரை மணிக் கணக்கு செல்லாது. அங்கே மழை எச்சரிக்கை வந்ததும் மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, ஸ்கூட்டரையும் அப்படி மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். முழுகின வண்டியை மெக்கானிக் பார்க்கும் முன் சார்ஜில் போடாதீர்கள்.

வண்டியை எடுக்கும் அன்று பூஜை, எலுமிச்சம்பழம் எல்லாம் இருக்கட்டும். சாவியை வாங்குவதற்கு முன், விற்பனைச் சான்றான படிவம் 21, தகுதிச் சான்றான படிவம் 22, இன்சூரன்ஸ் மூன்றையும் கையில் வாங்குங்கள். கொஞ்சம் குனிந்து, வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணையும் மோட்டார் எண்ணையும் அந்தக் காகிதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். வண்டி வீட்டுக்கு வந்த பிறகு அதைத் திருத்த நீங்கள்தான் அலைய வேண்டும். வணக்கம்.