மங்குச் சில்லில் ஒரு சுவர்

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் தமிழ்ப்பள்ளி முன்சுவரில் மொசேக் சித்திரம் செய்யலாம் என்றதும் எல்லாரும் கேட்டது, என்ன படம் போடுவது என்றுதான். நான் அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்: எதைக் கொண்டு போடப் போகிறோம்?

மொசேக் என்றால் நமக்கு வீட்டுத் தரைதான் ஞாபகம் வரும். கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள், முகப்பில் இரண்டு பக்கமும் இருக்கும் பெரிய சுவர்ச் சித்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஓவியர் சியோங் லாய் தோங் வடிவமைத்தவை, இத்தாலியக் கண்ணாடிச் சில்லுகளால் ஆனவை. 1963இல் கட்டடம் திறந்த காலத்திலிருந்து நம் வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கின்றன. மேலே பூசின சாயமாக இருந்தால் எப்போதோ வெளுத்திருக்கும். இதில் கண்ணாடியை உருக்கும்போதே உலோக ஆக்சைடைக் கலந்துவிடுவார்கள், கோபால்ட் போட்டால் நீலம், நிறம் கண்ணாடிக்கு உள்ளேயே இருக்கும்.

அந்தக் கண்ணாடிக்கு நம்மிடம் காசு இல்லை, சரி. சண்டிகரில் நேக் சந்த் என்று ஒரு சாலை ஆய்வாளர் இருந்தார். புது நகரம் கட்டுவதற்காக இடித்த கிராமங்களின் உடைசல்களை, ஓடு, பீங்கான், வளையல் துண்டு என்று வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் பொறுக்கிச் சேர்த்துச் சிலைகள் செய்தார். 1976இல் அது பொதுமக்களுக்குத் திறந்த தோட்டமானது. இதைப் படித்தபோது எனக்கு ரப்பர் தோட்டத்தில் நாம் குடியிருந்த வரிசை வீடுகள், நம் லயம்தான் கண்முன் வந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், லயத்தை இடித்தார்கள், அந்த மண்ணைக் கிளறினால் இன்றும் பால் மங்குத் துண்டு, அதாவது மரத்தில் வடியும் ரப்பர் பாலை ஏந்தும் கிண்ணத்தின் துண்டு, கிடைக்கிறது. அம்மா விடியுமுன் மரம் மரமாக ஏந்தி வைத்த மங்கு அது. மெருகேற்றிச் சுட்ட பீங்கான், அதனால்தான் இத்தனை வருடம் மண்ணுக்குள் கிடந்தும் கழுவினால் பளபளக்கிறது. இதைவிட நல்ல சில்லு நமக்கு எந்தக் கடையில் கிடைக்கும்?

ஆனால் மங்கு வளைவானது, தட்டையாக ஒட்டாது. கட்டைவிரல் நகமளவு சின்னதாகக் குறட்டால் வெட்டி, காரையைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டுப் பதிக்க வேண்டும். வெட்டும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஒரு பிள்ளையும் உட்காரக் கூடாது.

அப்புறம் பசை. சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஒரு சுவரில் மயில் செய்தோம். சீக்கிரம் முடியட்டும் என்று வெள்ளைப் பசையில் ஒட்டினோம், அது ஈரம் பட்டால் திரும்ப இளகும் என்று யாரும் யோசிக்கவில்லை. வருடக்கடைசி மழையில் தோகை முழுக்க உதிர்ந்து கால்வாயில் கிடந்ததைப் பொறுக்கியபோது மனம் விட்டுப்போனது. வெளிச்சுவருக்கு லேடெக்ஸ் கலந்த சிமெண்டுப் பசைதான் சரி (லேடெக்ஸ் என்றாலும் அது பெரும்பாலும் செயற்கைப் பால், நம் மரத்துப் பால் இல்லை). பழைய சாயத்தை முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும், இல்லையென்றால் சில்லு சாயத்தோடு சேர்ந்து பெயர்ந்து வரும். சுவர் உச்சியில் தண்ணீர் பின்பக்கம் இறங்காமல் ஒரு விளிம்பும் கட்டிவிடுவோம்.

வீட்டுப் பின்கட்டில் மங்கு கிடந்தால் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புங்கள். முழுசாக இருப்பதை உடைக்க வேண்டாம், அதை அப்படியே சுவரின் நடுவில் பதிக்கலாம்.