பிரித்துத் தைத்த கிமோனோ

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானியக் கிராமங்களில் முன்பெல்லாம் பெண் குழந்தை பிறந்தால் வீட்டு ஓரமாக ஒரு கிரி மரக்கன்றை நட்டு வைப்பார்கள். கிரி மளமளவென்று வளரும் மரம். 15, 20 வருடத்தில், அந்தப் பெண்ணுக்குக் கல்யாண வயது வரும்போது, அறுத்துப் பலகையாக்கும் பருமனுக்கு வந்துவிடும். அதில் செய்த இழுப்பறை அலமாரி அவளுக்குச் சீதனம். 'தான்சு' என்பார்கள். அதற்குள் அவளுடைய கிமோனோக்கள், அதாவது ஜப்பானியரின் பாரம்பரிய உடைகள், மடித்த மடிப்புக் கலையாமல் இருக்கும்.

இன்றைக்கு நான் பேச வந்தது இப்படிப்பட்ட பொருட்களைப் பற்றித்தான். சாமுராய் வாள், அரண்மனைப் பீங்கான் பக்கம் நான் போகப்போவதில்லை. சாதாரண வீட்டில் பாட்டி அம்மாவிடம் கொடுத்து, அம்மா மகளிடம் கொடுத்த பொருட்கள். பல வருடங்களாக எனக்கு இவற்றின் மேல் தீராத பிரியம். ஜப்பானில் நான் வசித்த காலத்தில் கோயில்களைப் பார்த்ததைவிட வயதான பெண்களின் அலமாரிகளைப் பார்த்ததுதான் அதிகம்.

முதலில் அந்த அலமாரியைப் பற்றிக் கொஞ்சம். கிரி மரம் அவ்வளவு லேசு; ஓர் இழுப்பறையை ஒரு கையால் தூக்கிவிடலாம். ஜப்பானில் ஜூன், ஜூலை மழைக்காலம். சுவரெல்லாம் பூஞ்சை பூக்கும் அளவுக்குக் காற்றில் ஈரம். அப்போது கிரிப் பலகை ஈரத்தை வாங்கிச் சற்று உப்பும். இழுப்பறையைச் சுற்றியுள்ள இடுக்கு மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் பட்டுக்கு ஈரம் போகாது. வெயில் வந்ததும் பலகை சுருங்கும், காற்றோட்டம் வரும். நீகாத்தா பகுதியில் காமோ என்ற ஊர் இந்த வேலைக்குப் பெயர் போனது. நல்ல தச்சர் செய்த தான்சுவில் ஓர் இழுப்பறையைத் தள்ளி மூடிப் பாருங்கள்; உள்ளிருக்கும் காற்றுக்குப் போக வழி இல்லாமல், வேறோர் இழுப்பறை தானாக வெளியே வரும். இடைவெளி அவ்வளவு கச்சிதம்.

அப்புறம், இந்த அலமாரி அறுபது, எழுபது வருடத்தில் கறுத்துப்போனால் தூக்கிப் போடமாட்டார்கள். தச்சரிடம் அனுப்புவார்கள். அவர் இரும்புப் பிடிகளையெல்லாம் கழற்றிவிட்டு, கழுவி, வெடிப்புக்கு மரம் வைத்து அடைத்து, மேலே இழைப்புளி போட்டு இழைத்துவிடுவார். கறுப்புத் தோல் போய் வெள்ளை மரம் தெரியும். பேத்தியின் கல்யாணத்துக்கு அதே அலமாரி புதுசாகப் போகும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நான் திரும்பத் திரும்ப இங்கேதான் வரப்போகிறேன். அந்த வீடுகளில் பழம்பொருள் என்றால் தொடாமல் பூட்டி வைத்தது என்று அர்த்தம் இல்லை. பிரிப்பார்கள், கழுவுவார்கள், மறுபடி சேர்ப்பார்கள்.

கிமோனோவுக்கு வருகிறேன். இதற்குத்தான் நேரம் அதிகம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிமோனோவுக்குத் துணி ஒரே சுருளாக வரும். ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், அகலம் ஒரு முழத்துக்கும் குறைவு. அதை நேர்நேராக மட்டும் வெட்டி 8 துண்டு ஆக்குவார்கள். கழுத்துக்கு வளைத்து வெட்டுவது, இடுப்புக்குக் குறைத்து வெட்டுவது எதுவும் கிடையாது. மிச்சம் வரும் துணியையும் வெட்டி எறியமாட்டார்கள். தையலுக்கு உள்ளே மடித்து வைத்துவிடுவார்கள். ஆகவே தையலைப் பிரித்தால் நீள நீளத் துண்டுகள்தான். அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று ஓட்டுத்தையல் போட்டு இணைத்தால், கடையில் வாங்கிய அன்றிருந்த அதே சுருள் திரும்பக் கிடைத்துவிடும்! அதைத் துவைத்து, கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த கஞ்சி போட்டு, நீளப் பலகையில் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி வெயிலில் சாய்த்து வைப்பார்கள். போருக்கு முன்னால் தோக்கியோவின் சந்துகளில் வேலியோரமெல்லாம் இந்தப் பலகைகள் சாய்ந்திருக்கும். காய்ந்ததும் உரித்தெடுத்து மறுபடி தைப்பார்கள். இந்த வேலைக்கு 'அராய்ஹாரி' என்று பெயர்.

நான் தோக்கியோவின் புறநகரில் ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவரை 'ஒபாசான்', அதாவது பாட்டி என்றுதான் கூப்பிடுவேன். இலையுதிர்காலம் வந்து காற்று காய்ந்ததும், ஒரு நல்ல நாளாகப் பார்த்துத் தான்சுவிலிருந்து எல்லாக் கிமோனோவையும் எடுத்து, அறைக்குக் குறுக்கே மூங்கில் கழி கட்டி நிழலில் உலர்த்துவார். எனக்கும் மேலே ஏறிக் கழி கட்டும் வேலை இருக்கும். ஒவ்வொன்றையும் காகித உறையிலிருந்து எடுக்கும்போது, "இது என் அத்தையுடையது, இது அம்மா என் பள்ளி முடிவு விழாவுக்குக் கட்டியது" என்று சொல்லிக்கொண்டே வருவார்.

அதில் கருநீலப் பட்டு ஒன்று. அவருடைய பாட்டியின் கிமோனோ அது. என் கையைப் பிடித்து, முன்பக்கத் தையலின் உள்மடிப்பைப் பிரித்துக் காட்டினார். வெளியே வெளுத்த நீலம். மடிப்புக்குள்ளே, வெயிலே படாத இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு இருட்டு மாதிரி அடர்ந்த நீலம். "பாட்டி வாங்கியபோது முழுக்க இந்த நிறம்தான்" என்றார். பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு வந்தபோது பிரித்துத் துவைத்து, அம்மா உயரம் என்பதால் உள்ளே மடித்திருந்ததை இறக்கித் தைத்தார்களாம். கிமோனோவின் உடல் துண்டு தோளில் தையல் இல்லாமல் முன்னிருந்து பின்னுக்கு ஒரே நீளமாக ஓடும். அதனால் இவருக்கு வந்தபோது, தேய்ந்த முன்பக்கத்தைப் பின்பக்கம் ஆக்கி, பின்பக்கத்தை முன்னே கொண்டுவந்தார்கள். மூன்று தலைமுறை, இரண்டு தடவை பிரித்தல், ஒரே துணி.

இன்னொன்றும் சொன்னார். தான்சுவில் ஓர் இழுப்பறை எப்போதும் காலியாகவே இருக்கும். எனக்குக் கேட்கக் கூச்சம். ஒரு நாள் அவராகவே ஆரம்பித்தார். போர் முடிந்த மறு வருடம், 1946. நகரங்களில் பங்கீட்டு அரிசி ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் அளவில்தான். அதுவும் ஒழுங்காக வராது. பணத்துக்கு மதிப்பு இல்லை. நகரத்துப் பெண்கள் கிமோனோவை மூட்டை கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக ஏறும் அளவுக்குக் கூட்டமான ரயிலில் கிராமத்துக்குப் போவார்கள். விவசாயி வீட்டில் கொடுத்துவிட்டு அரிசியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வாங்கி வருவார்கள். மூங்கில் குருத்தை உரிப்பதுபோல ஒவ்வொன்றாக உரித்துச் சாப்பிட்ட காலம் என்று இன்றும் வயதானவர்கள் சொல்வார்கள். ஒபாசானின் அம்மாவும் போனார். ஆனால் போவதற்கு முந்தின இரவு விளக்கடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கிமோனோவின் உள்துணியையும் நூல் நூலாகப் பிரித்து எடுத்துவிட்டாராம். மேல்துணி அரிசிக்குப் போயிற்று. உள்துணி பிள்ளைகளுக்கு உள்ளாடை ஆயிற்று. 15 வயதுப் பெண்ணாக ஒபாசான் அதைத்தான் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார். பசியிலும் ஒரு தாய் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் இருப்பது என்று யோசித்திருக்கிறாள் பாருங்கள்! இந்த ஒரு இழுப்பறை சொன்ன அளவுக்கு எந்தச் சரித்திரப் புத்தகமும் எனக்கு அந்த வருடத்தைச் சொல்லவில்லை.

இது பட்டு கட்டியவர்கள் கதை. வடக்கே ஆவோமோரிக்குப் போனால் குளிரில் பருத்தி விளையாது. அந்த ஏழை விவசாயிகளுக்கு ஒசாகா பக்கமிருந்து கப்பலில் வரும் பழைய துணித் துண்டுதான் பருத்தி. அதன் மேல் துண்டு, அதன் மேல் இன்னொரு துண்டு என்று தலைமுறை தலைமுறையாக ஒட்டுப் போட்டுத் தைத்துக்கொண்டே போவார்கள். இவற்றைத் தனாகா சூசாபுரோ என்ற நாட்டுப்புறவியல் அறிஞர் வாழ்நாளெல்லாம் வீடு வீடாகத் தேடிச் சேர்த்தார். அவர் சேர்த்தவற்றில் 'போதோகோ' என்ற விரிப்பும் உண்டு. பிரசவத்தின்போது அதைத்தான் கீழே விரிப்பார்கள். பாட்டனும் பூட்டியும் உடுத்திய துணியின் மேல்தான் புதுக் குழந்தை வந்து விழும். கந்தல் என்று வெட்கப்பட்டுப் பலர் எரித்தும்விட்டார்கள். அவர் போகாவிட்டால் நமக்கு ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

பிரசவம் என்றதும் இரண்டு பொருட்கள். ஒன்று, காய்ந்து விழுந்த தொப்புள் கொடியை வைக்கும் சின்னப் பெட்டி. அதுவும் பெரும்பாலும் கிரி மரம்தான். ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தனுப்புவார்கள், தாய் பத்திரமாக வைத்திருப்பாள். இரண்டாவது, தாய்-சேய் கையேடு. இது போர்க்காலத்தில் 1942-இல் கர்ப்பிணிகளுக்கான சிறு ஏடாகத் தொடங்கியது. அதைக் காட்டினால் பங்கீட்டில் கூடுதலாகக் கிடைக்கும். 1948-இல் தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து ஒரே கையேடாயிற்று. இன்றும் கர்ப்பம் என்று நகராட்சியில் பதிந்தவுடன் கொடுத்துவிடுகிறார்கள். தடுப்பூசி, எடை, உயரம் எல்லாம் அதில். ஆனால் நான் பார்த்தவற்றில் மதிப்பு மிக்கது, தாய் தன் கைப்பட எழுதிய ஓரக் குறிப்புகள். 'இன்று எதையும் பிடிக்காமல் நின்றாள்.' 'இரவெல்லாம் இருமல்.' மகள் வளர்ந்து கல்யாணமாகும்போது, அல்லது அவளே கர்ப்பமாகும்போது, அம்மா இதை எடுத்துக் கொடுப்பாள். தனக்கு அம்மை வந்ததா, எந்த ஊசி போட்டார்கள் என்று மருத்துவரிடம் சொல்லவும் இது உதவும். அரசாங்கம் அச்சடித்த ஓர் ஏடு குடும்பச் சொத்தாக மாறிய அதிசயம் இது. இந்தோனேசியா போன்ற நாடுகள் 1990-களில் ஜப்பானின் உதவியோடு இதையே எடுத்துக்கொண்டன.

நேரம் ஓடுகிறது. ஊறுகாய்ப் பானையைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அரிசித் தவிட்டில் உப்பும் தண்ணீரும் சேர்த்து, கடற்பாசித் துண்டும் மிளகாயும் போட்டுப் பிசைந்து வைப்பார்கள். வெள்ளரிக்காய், கத்தரிக்காய், முள்ளங்கியை அதில் புதைத்தால் மறுநாள் காலைக்குப் புளித்துவிடும். நம் வீட்டு உறைமோர் மாதிரி, பழையதில்தான் புதியது உயிர் பிடிக்கும். தினமும் வெறுங்கையால் அடிவரை கிளற வேண்டும். கித்தாக்யூஷூ பக்கத்தில் நூறு வருடத் தவிடு எங்கள் வீட்டில் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. கல்யாணமாகிப் போகும் பெண் அதில் கொஞ்சம் எடுத்துப்போவாள். இன்று அது குளிர்சாதனப் பெட்டிக்குள் டப்பாவில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி இன்றைய நிலைமை. வீடு சிறுத்துவிட்டது. மார்ச் 3 பெண் குழந்தைகள் பண்டிகைக்குச் சிவப்புத் துணி விரித்து 7 படியில் 15 பொம்மை வைக்க அடுக்குமாடி வீட்டில் இடம் எங்கே? 2023 கணக்கெடுப்புப்படி ஜப்பானில் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. ஏறக்குறைய ஏழில் ஒன்று. அம்மா அப்பா போன பிறகு, நகரத்தில் இருக்கும் பிள்ளைகள் வந்து, அந்த வீட்டில் எதை எடுப்பது, எதை விடுவது என்று திணறுகிறார்கள். அதற்கென்றே ஆள் வைத்துக் காலி செய்து கொடுக்கும் தொழில் வளர்ந்திருக்கிறது. ஆனால் எல்லாம் குப்பைக்குப் போகவில்லை. ஷிகோகு தீவில் கத்சூரா என்ற ஊர், வீடுகளில் வேண்டாம் என்று விட்ட பொம்மைகளைச் சேர்த்து 1988 முதல் விழா நடத்துகிறது. சிபாவில் அதே பெயருள்ள இன்னொரு ஊரில் கோயிலின் 60 கல்படிகளையும் பொம்மைகளால் நிரப்புகிறார்கள். இருபது வயது விழாவுக்கு அம்மாவின் நீளக்கைக் கிமோனோவையே மகள் கட்டுவது இப்போது இளம்பெண்களிடம் ஒரு மோகமாகவே ஆகியிருக்கிறது. எனக்கு அதில் கொள்ளை சந்தோஷம்.

தோக்கியோ போகும் வாய்ப்பு உள்ளவர்கள் ஓத்தா பகுதியில் இருக்கும் ஷோவா வாழ்க்கை அருங்காட்சியகத்தை அவசியம் பாருங்கள். ஷோவா என்பது 1926 முதல் 1989 வரை ஆண்ட பேரரசரின் காலம். மரச்சாமான்களின் வரலாற்றை ஆராய்ந்த கொய்சுமி கசுகோ, 1951-இல் தன் அப்பா கட்டிய வீட்டை, சாப்பாட்டு மேசை முதல் சமையல் பாத்திரம் வரை அப்படியே வைத்து 1999-இல் திறந்தார்.

கடைசியாக 2011 சுனாமியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்கிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேற்றிலிருந்து முன்னோர் பெயர்ப் பலகைகளும் குடும்ப ஆல்பங்களும் கிடைத்தன. மியாகியின் யாமாமோத்தோ ஊரில் மட்டும் சுமார் 7,50,000 புகைப்படங்கள். தொண்டர்கள் அவற்றை ஆல்பத்திலிருந்து பிரித்து, குளிர்ந்த நீரில் விரல் நுனியால் கழுவி, கொடியில் கிளிப் போட்டு உலர்த்தினார்கள். பிறகு மண்டபங்களில் பரப்பி வைத்து, உரியவர்கள் வந்து தேடி எடுக்கச் செய்தார்கள். உங்கள் வீட்டுப் புகைப்படங்களும் எப்போதாவது வெள்ளத்தில் நனைந்தால் வெயிலில் போட்டுவிடாதீர்கள். சேறு காய்ந்து ஒட்டுமுன், கிருமிகள் படத்தை அரிக்குமுன், குளிர்ந்த தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.