டப்ளின் அச்சகத்திலிருந்து சென்னை மேடைக்கு

நண்பர்களே, வணக்கம்.

19ஆம் நூற்றாண்டு அயர்லாந்து அரசியல் என்றால், பிரிட்டனிடம் சுயாட்சி கேட்ட இயக்கத்தின் தலைவர் பார்னெல் பெயர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நான் பேச வந்திருப்பது அந்த இயக்கத்தின் பணப்பெட்டியைக் காத்த ஒருவரைப் பற்றி. அவர் பெயர் ஆல்பிரட் வெப். 1894 டிசம்பரில் இதே சென்னையில் இந்திய தேசிய காங்கிரசின் பத்தாவது மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். நம் ஊரிலேயே அவரை மறந்துவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

1834இல் டப்ளினில் ஒரு குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) குடும்பத்தில் பிறந்தார். அப்பா ரிச்சர்ட் வெப் அச்சகம் வைத்திருந்தார். அடிமை முறையை எதிர்ப்பது அந்த வீட்டில் அன்றாட வேலை. அமெரிக்காவில் அடிமையாக இருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் டப்ளின் வந்தபோது, அவருடைய தன்வரலாற்றை அச்சடித்துக் கொடுத்தவர் ரிச்சர்ட்தான். கூட்டங்களில் அந்தப் புத்தகத்தை விற்றுத்தான் டக்ளஸ் செலவைச் சமாளித்தார். ஆல்பிரட்டுக்கு அப்போது 11 வயது. அந்த வயதில் பார்த்தது லேசில் மறக்குமா?

பிறகு அவரும் அச்சுத் தொழிலுக்கே வந்தார். 1870இல் ஐசக் பட் தொடங்கிய சுயாட்சி இயக்கத்தில் சேர்ந்து பொருளாளரானார். கைதட்டல் கிடைக்காத வேலைதான். ஆனால் பிரிட்டிஷ் நாடாளுமன்ற எம்.பி.க்களுக்கு 1911 வரை சம்பளமே கிடையாது. வசதியில்லாத ஐரிஷ் உறுப்பினர் லண்டனில் தங்கி வாதாட வேண்டுமென்றால் மக்கள் தரும் நன்கொடை ஒழுங்காக வந்து சேர வேண்டும்.

1890இல் மேற்கு வாட்டர்ஃபோர்டு தொகுதியிலிருந்து அவரே நாடாளுமன்றம் போனார். அந்த ஆண்டுக் கடைசியில் பார்னெல் தலைமையிலான ஐரிஷ் கட்சி உடைந்தது. வெப் பார்னெலுக்கு எதிரணியில் நின்றார்.

சரி, சென்னைக்கு வருவோம். தலைமையுரையில் அவர் சொன்னதன் சாரம் இது: கொடுங்கோன்மை எங்கே நடந்தாலும் வெறுக்கிறேன், என் சொந்த அரசே செய்தால் இன்னும் அதிகமாக வெறுக்கிறேன், ஏனென்றால் அதில் எனக்கும் பொறுப்பு இருக்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், பிரிட்டிஷ் இந்தியாவின் மேடையில் நின்று சொன்னது! அடிமை முறையை எதிர்த்த போராட்டத்தில் வளர்ந்தவன் நான் என்றும் சொன்னார். அதே மாநாடுதான் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது.

1895இல் பதவியை விட்டார். 1908இல் காலமானார்.

அந்த உரையைத் தேடிப் படியுங்கள். தமிழில் கொண்டுவர யாராவது முன்வந்தால், கூட உட்கார்ந்து மெய்ப்புத் திருத்த நான் தயார்.